கபோ சொன்னதும் நான் சொன்னதும்

டிஷ்வாஷரில் பாத்திரம் அடுக்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. தட்டு கீழே, டம்ளர் மேலே, குக்கர் மூடி ஓரமாக. அமெரிக்காவில், பிளானோவில் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான்தான் அடுக்குகிறேன். என் மாமனார் திருமூர்த்தி வந்த மறுநாளே அதைக் கலைத்து வேறு மாதிரி அடுக்கினார். நான் திரும்ப அடுக்கினேன். அவர் திரும்பக் கலைத்தார். பதினோரு மாதம் இப்படியே போனது.

கெட்டவர் இல்லை. மின்வாரியத்தில் என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமியார் போன பிறகு கும்பகோணத்தில் தனியாக இருந்தார். ஆனால் ஒரே ஒரு மனிதர் ஒரு வீட்டை எவ்வளவு அடைத்துக்கொள்ள முடியும் என்று உங்களுக்குத் தெரியாது. நான் ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கும்போது பனியனோடு கேமராவில் தெரிகிற மாதிரி பின்னால் வந்து நின்று, "இன்னுமா பேசிட்டிருக்கீங்க மாப்பிள்ளை?" என்பார். டோல்வே நெடுஞ்சாலையில் காரில் போகும்போது பக்கத்து சீட்டில் இல்லாத பிரேக்கை மிதிப்பார். கோயிலில் அறிமுகமாகிறவர்களிடமெல்லாம், "மாப்பிள்ளை இன்னும் மேனேஜர் ஆகல. சூதுவாது தெரியாதவர்" என்று சொல்லிவைப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் வாயைத் திறந்ததில்லை.

அவருடைய விசா முடிய ஒரு மாதம் இருந்தது. நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காபி குடித்துக்கொண்டே என் மனைவி மானஸா, "அப்பாவுக்கு கிரீன் கார்ட் அப்ளை பண்ணிட்டேன் முகுந்த். பேப்பர் வந்ததும் ஒரேயடியா இங்கேயே வந்துடட்டும்" என்றாள். என்னைக் கேட்கவில்லை, தகவல் சொன்னாள். அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்காக, ஊருக்குப் போகிற வழியில் ஆப்பிரிக்காவில், போட்ஸ்வானாவில் ஒரு சஃபாரியும் புக் பண்ணியிருந்தாள். காட்டுக்குள் கூடாரம் போட்டுத் தங்கி விலங்குகளைப் பார்ப்பது. நான் நல்ல யோசனை என்றேன்.

எங்கள் கைடு பெயர் கபோ. நிதானமானவர். போய்ச் சேர்ந்த அன்று மதியம் எங்களை ஒரு மரத்தடியில் உட்காரவைத்து விதிகளைச் சொன்னார். முகாமுக்கு வேலி கிடையாது. யானைகள் கூடாரங்களுக்கு நடுவிலேயே நடந்து போகும். மானஸா தலைவலி என்று உள்ளே படுத்துவிட்டாள். எங்கள் ஒன்பது வயது மகள் தீக்ஷா குச்சியால் மண்ணில் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். மாமா பாதியிலேயே என் பக்கம் திரும்பினார்.

"இவர் பேசற இங்கிலீஷ் எனக்குப் புடிபடல மாப்பிள்ளை. என்ன சொல்றார்னு சொல்லுங்க."

சொன்னேன். ஷூவைப் போடுமுன் தேள் இருக்கிறதா என்று உதறிப் பார்ப்பது, ஆற்றங்கரைப் பக்கம் தனியாகப் போகாமலிருப்பது, எல்லாம் பொறுமையாகச் சொன்னேன். ஒரு வாக்கியம் மட்டும் விட்டுப்போனது. யானைக்கு எதையும் கொடுக்காதீர்கள், பழத்தோடு அதன் முன்னால் நிற்கவே நிற்காதீர்கள் என்று கபோ சொன்னது. யாருக்கும் வரக்கூடிய மறதிதான்.

மாமா வெள்ளிக்கிழமைதோறும் கோயில் யானைக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்து, தலையைக் குனிந்து, தும்பிக்கையால் ஆசீர்வாதம் வாங்குகிறவர். இது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

மூன்றாம் நாள் பிற்பகல் ஒரு ஆண் யானை வந்தது. சாப்பாட்டு மேஜையிலிருந்து எடுத்துவைத்திருந்த நாலு வாழைப்பழத்தோடு மாமா செருப்பைக் கழற்றிவிட்டு அதன் எதிரே போனார். கபோ கத்திக்கொண்டே ஓடிவந்தார், ஆங்கிலத்தில். யானை காதை விரித்தது. தும்பிக்கையை உயர்த்தியது. மாமா தலையைக் குனிந்தார்.

நான் இருபதடி தள்ளி டீயோடு நின்றிருந்தேன். தமிழில் ஒரு வார்த்தை போதும். வரவில்லை. அதிர்ச்சியில் தொண்டை அடைத்துக்கொள்ளும் என்று பிறகு டாக்டர்கூடச் சொன்னார்.

மாமாவின் சாவு பற்றிய விசாரணையில் கபோ எல்லா விதிகளையும் சொன்னதாகச் சாதித்தார். அந்த ஒன்றை மட்டும் சொன்னதாக எனக்கு நினைவில்லை என்றேன். அவருடைய லைசென்ஸைப் பறித்துவிட்டார்கள். பாவம், மூன்று பிள்ளைகளாம்.

பிளானோ திரும்பிய வாரம், காரின் பின்சீட்டிலிருந்து தீக்ஷா பேசினாள். தமிழ் நன்றாகப் புரியும் அவளுக்கு. பதில் மட்டும் எப்போதும் ஆங்கிலம்தான்.

"டாட், கபோ செட் நெவர் ஃபீட் தெம். பட் யூ டோல்ட் தாத்தா தே லைக் பனானாஸ்."

ஒன்று விட்டுப்போனது என்றேன் அல்லவா. ஒன்றைச் சேர்க்கவும் செய்தேன். "நம்ம கோயில் யானை மாதிரி இதுங்களும் சாதுதான் மாமா. ரெண்டு பழம் கொடுத்துத் தலையைக் குனிஞ்சா ஆசீர்வாதம் பண்ணுமாம்" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. பதினோரு மாதத்தில் நான் சொன்னதை அவர் மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

"உனக்குத் தமிழ் சரியாப் புரியலடா கண்ணா" என்று தீக்ஷாவிடம் சொன்னேன். அடுத்த வாரமே ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பிலிருந்து அவளை நிறுத்தினேன். குழந்தைக்குச் சுமை அதிகம் என்று மானஸாவிடம் சொன்னேன். அழுதுகொண்டே இருந்த அவள் எதையும் மறுக்கவில்லை. நானும் குழந்தையோடு ஆங்கிலத்திலேயே பேசுகிறேன். ஒரு தகப்பனுக்கு இது சுலபமில்லை. ஆனால் பேசாத மொழி பிள்ளைகளுக்குச் சீக்கிரம் மறந்துவிடும் என்கிறார்கள்.

ஆறு மாதம் கழித்து, நேற்று காலை அவளுக்குக் கிண்ணத்தில் கார்ன்ஃபிளேக்ஸ் போட்டுப் பால் ஊற்றிக் கொடுத்துவிட்டு, "ஆசீர்வாதம்னா என்னன்னு தெரியுமா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

கிண்ணத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "தெரியாதுப்பா. எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல" என்றாள், திருத்தமான தமிழில்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. குழந்தை சுத்தமாக மறந்துவிட்டாள்.