சிவப்புக் கன்றின் பங்கு

– “மார்ச் 10. சிவப்புக் கன்றுக்குச் சீம்பால் கொடுத்ததாக நேற்று எழுதியது தவறு. பாட்டிலில் இருந்தது சாதாரணப் பால். மஞ்சளாக இருக்கிறதா என்று பார்க்காமல் புகட்டியது என் கவனக்குறைவு.” என்னக்கா இது, மாட்டு நோட்டுல இதையெல்லாமா எழுதுவ?

– என் தப்பை எழுதிட்டேன். கீழ உனக்கு இடம் விட்டிருக்கேன். இந்தா பேனா.

– நான் என்ன பண்ணேன்?

– டேய், நடிக்காத! கன்னு எழுந்திருக்கலைன்னதும் கறுப்பு மாட்டுக்கிட்ட சீம்பால் கறந்து ஃப்ரீசர்ல வெச்சிருந்த மிச்ச மூணு பாட்டிலையும் உருக்கிப் பார்த்தேன். எல்லாம் வெள்ளை வெளேர்னு தண்ணிப் பால். வீட்ல இருக்கறது நாம ரெண்டே பேரு. மாடா வந்து மாத்தி வெச்சுது?

– இங்க பாருக்கா, தாய் மாடு கன்னு போடறப்பவே செத்துப் போகும்னு யாரு கண்டா?

– அதுக்குத்தாண்டா சேர்த்து வைக்கிறதே! மனுஷக் குழந்தையாவது அம்மா வயித்துலயே கொஞ்சம் எதிர்ப்பு சக்தி வாங்கிட்டு வருது. கன்னு வெறுங்கையோட வருது. சீம்பால்லதான் அதுக்கு எல்லாமே. அதுவும் பொறந்த ஒரு நாளைக்குள்ள.

– இங்க பாரு, பக்கத்துப் பண்ணையில கேட்டு வாங்கிட்டு வரேன்.

– ஒண்ணரை நாள் ஆச்சு. இனிமே குடத்துல கொண்டு வந்து ஊத்தினாலும் ரத்தத்துல ஏறாது. யாருக்குடா வித்த? உடம்பு ஏத்தற ஜிம்காரனுக்கா?

– விக்கல. சத்தியமா விக்கல.

– அப்ப நீயே குடிச்சியா? தடிமாடு மாதிரி இருக்க, உனக்கெதுக்கு? பெரியவங்க வயித்துக்குள்ள போனா அதுல முக்கால்வாசி செரிச்சுப் போயிடும்டா!

– சளி, நிமோனியா எதுவும் அண்டாதுன்னு கடையில விக்கிற சீம்பால் பொடி டப்பாவுலயே போட்டிருக்கான்.

– விக்கிறவன் வேற என்ன போடுவான்?

– ரெண்டு தடவை ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னவன் நான். மூணாவது தடவை நிக்க எனக்குத் தெம்பில்லக்கா.

– என்ன உளர்ற?

– காலைல உனக்கு வாழைப்பழ ஜூஸ் அடிச்சுத் தரேன்ல? ஒரு மாசமா அதுலதான் ஊத்தினேன்.

– காய்ச்சாமலா?

– காய்ச்சினா திரிஞ்சுடுது. இங்க பாரு, ரெண்டு தடவை நிமோனியாவுல படுத்தியே, இந்த ஒரு மாசத்துல ஒரு தடவையாவது இருமினியா?

– எனக்குப் பனியிலதான் இருமல் வரும். பனி நின்னு ஒரு மாசம் ஆச்சுடா, மடையா!





– அடிக்கணும்னா அடிச்சுடுக்கா.

– நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு மாட்டு டாக்டர் வரார். கறுப்பு மாட்டு ரத்தத்துல இருந்து எதிர்ப்பு சக்தி இருக்கற பிளாஸ்மாவைப் பிரிச்சுக் கன்னுக்கு ஏத்தப் போறார். கன்னை நீ பிடி. அதோட பங்கைக் குடிச்சவ நான். அது மூஞ்சில என்னால முழிக்க முடியாது.