காத்து வர்ற ஓட்டை

இல்லீங்க தம்பி, எனக்கு கெய்சர் ஒண்ணும் வேண்டாமுங்க. வெலை கேக்கவும் வரலீங்க. இந்தப் படத்த மட்டும் ஒருக்காப் பாத்துச் சொல்லிப்போடுங்க, நான் போயிர்றேன். எம்பொண்ணு ஊட்டுல மாட்டியிருக்கறதுங்க இது. இந்த ஊர்ல இல்லீங்க சாமி, ஆஸ்திரேலியாவுல.

உக்கார்றேனுங்க. மல்லசமுத்திரத்துல இருந்து பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தேன். டீ சொல்லாதீங்க, இன்னைக்கு ஆடி வெள்ளி, ஒருசந்தி. துளி தண்ணி குடுங்க, போதும்.

என்னைய அடையாளம் தெரியலீங்களா? அம்மாபேட்டையில தெய்வநாயகி ஊட்டுக்குப் போன வருசம் கேஸ் கெய்சர் மாட்டுனீங்களே, அவ எனக்கு நாத்தனாருங்க. அன்னைக்கு நானும் அங்கதான் இருந்தேன். எல்லாம் மாட்டி முடிச்சுப்போட்டு, குளிக்கற ரூம்பு செவுத்துல மேல ஒரு ஓட்டை போட்டாத்தான் தண்ணி தொறந்து விடுவேன்னு ஒத்தக் கால்ல நின்னீங்க. புது டைல்ஸ் ஒடையுதேன்னு அவ மொகத்தத் தூக்கி வெச்சுக்கிட்டா. நீங்க அக்கட்டால போனதும், இந்த ஆளு கெய்சர் மாட்ட வந்தானா, ஊட்ட இடிக்க வந்தானான்னு கேட்டா. நானும் சேந்து சிரிச்சேனுங்க. மன்னிச்சுக்கோங்க. இன்னைக்கு வெடியால கோயிலுக்குப் பூத் தொடுத்துக்கிட்டு இருக்கறப்ப, திடுக்குனு அந்த ஓட்டை நெனப்பு வந்துருச்சு. பூவ அப்புடியே போட்டுப்போட்டு வாரேன். அவருகிட்டச் சேலம் மாரியம்மன் கோயிலுக்குப் போறேன்னு பொய் சொல்லீருக்கேன்.

படம் தெரியுதுங்களா? போன் கண்ணாடி ஒடஞ்சு கெடக்குது, சித்த இப்புடிச் சாய்ச்சுப் புடிங்க. கண்ணாடிக்குப் பொறவால நீலமா எரியுதில்லீங்க, அது நெருப்புத்தானாம். கரண்டு இல்லை, கேஸு. நம்மூர்ல தண்ணிய மட்டும் காய வெக்கறோம், அங்க ஊட்டையே காய வெக்கோணும். இங்க ஆடிக் காத்து மண்ண வாரி மூஞ்சில அடிக்குது, அங்க இப்ப மார்கழியாட்டங்க. அதுக்கும் மேல.

பழைய வாடகை ஊடுங்க. ஊட்டுக்காரரு சாவியக் கையில குடுத்ததோட சரி, இத எப்புடிப் பத்த வெக்கறது, எப்புடி அணைக்கறதுன்னு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கல. எம்பொண்ணு ஷாலினி மொத வாரம் அத ஏதோ பொட்டின்னு நெனச்சு, மேல சாமி படத்த வெச்சு வெளக்கு ஏத்திக் கும்புட்டிருக்கறா. அப்பறம் மாப்ளைதான் திருகிப் பாத்துக் கண்டுபுடிச்சது. மாப்ளை ரமேஷ்குமாரு திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டியில டிரில்லரா இருந்தவருங்க. அங்கயும் சுரங்கத்துல அதே வேலைதான். ரெண்டு வாரம் சுரங்கம், ஒரு வாரம் ஊடு. சுரங்கத்துல இருந்தா பொழுதோட ஒருக்காத்தான் போன் எடுக்கும். இப்ப அவரு அங்க இருக்கறாரு. இவ கைக்கொழந்தையோட தனியா.

மேல செவுத்துல சல்லடையாட்டம் இருக்குதுங்களா. அதுக்கு வாரேன். மொதல்ல இதக் கேளுங்க.

கேஸ் பில்லு மூணு மாசத்துக்கு ஒருக்கா வருமாம். போன மாசம் வந்துச்சு. நம்ம காசுக்கு அம்பதாயிரத்தச் சொச்சம். அதுல இங்க நாலு வருசம் சோறாக்கலாம். அவளுக்குப் பகீர்னு ஆயிப்போச்சு. மாப்ளைகிட்டச் சொல்லாம, பகல்ல அத அணைச்சுப்போட்டு, கொழந்தைய ஸ்வெட்டருக்கு மேல ஸ்வெட்டராப் போட்டுச் சுத்தி வெச்சுக்கிட்டா. எனக்கு எப்புடித் தெரியும்னா, தெனமும் வெடியால ஆறு மணிக்குப் போன் பண்ணுவாளுங்க. அங்க பத்தரை ஆகும், பாப்பாவுக்குத் தண்ணி ஊத்தற நேரம். போன ஜன்னல்ல சாத்தி வெச்சிருவா. காத மூடிக்கோ, கழுத்து இடுக்குல தேய்யின்னு நான் இங்க இருந்து சொல்லச் சொல்ல அவ ஊத்துவா. அஞ்சு மாசமா ஒரு நாளும் தப்புனதில்லை. போன வாரம் துணியப் பிரிச்சப்பப் பாக்கறேன், பாப்பா பாதம் நீலம் பாரிச்சுக் கெடக்குது. எந்தத் தாய்க்குங்க மனசு தாங்கும்?

இன்னைக்கு ஆறு மணிக்கு போன் வரல.

ஆமாங்க, நான் கூப்புட்டேன். இருபது தடவைக்கு மேல. அடிக்குது, எடுக்க மாட்டேங்கறா. எம்பையன் கதிர் ராய்ப்பூர்ல போர்வெல் வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கறான், அவனக் கூப்புட்டேன். கைக்கொழந்தைக்காரி, ராத்திரியெல்லாம் தூக்கமிருக்காது, அசந்து தூங்குவா, நீ கம்முனு கோயிலுக்குப் போம்மாங்கறான். அவங்கப்பாவும் அதையேதான் சொன்னாரு, ஊரக் கூட்டாதேன்னு. எல்லாரும் சொல்றது நியாயந்தானுங்க. அவங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.

பக்கத்தூட்டுல ஒரு வெள்ளக்காரம்மா இருக்குது. ஆத்தர அவசரத்துக்குன்னு ஷாலினி நெம்பரு எழுதிக் குடுத்திருந்தா. இந்தா, இந்தக் கடுதாசிதான். அதையும் கூப்புட்டேனுங்க. எனக்கு என்ன இங்கிலீசு வரும்? ஏழாவது வரைக்கும் போனவ. ஷாலினி, ஷாலினி, பேபி, பேபின்னு கத்துனேன். அந்தம்மா சிரிச்சுக்கிட்டே பேபி குட், பேபி குட்னு சொல்லிப்போட்டு வெச்சிருச்சு. எம்பேத்திய நான் பெருமை பேசறேன்னு நெனச்சிருச்சாட்ட இருக்குது.

கடைசியா நேத்துப் பொழுதோட பேசுனா. தல வலிக்குதும்மான்னா. கொமட்டிக்கிட்டு வருதுன்னா. நான் ஒரு கிறுக்கி, மறுக்கா முழுகாம இருக்கறயா கண்ணுன்னு கேட்டுச் சிரிச்சேன். அவளும் சிரிச்சா. பாப்பாவும் பாலு சரியாக் குடிக்கல, தூங்கிக்கிட்டே கெடக்குதுன்னா. சூடு கெடச்சா கொழந்தை தூங்கத்தான செய்யும், நீயும் சுக்குத் தண்ணி வெச்சுக் குடிச்சுப்போட்டுப் படுன்னேன்.

ஏனுங்க, எந்திரிச்சுட்டீங்க? உக்காருங்க சாமி. அந்தத் தலவலிக்கும் இதுக்கும் ஏதாச்சும் இருக்குதுங்களா?

அன்னைக்கு எதுக்குங்க தெய்வநாயகி ஊட்டுல ஓட்டை போடச் சொன்னீங்க? அதக் கேக்கத்தான் வந்தேன். எரியறப்ப ஊட்டுக் காத்தத் தின்னுப்போடுமா. காத்துப் பத்தாமப் போனா வெசமாயிருமா. நம்ம சிலிண்டரு கசிஞ்சா மூக்குல ஏறுமே, அந்த மாதிரி வாசம்? இருக்காதா? துளிகூட? பொகையாவும் தெரியாதா. தூங்கறவங்களுக்குத் தூங்கறாப்பலயே...

வேண்டாமுங்க, அத முழுசாச் சொல்லாதீங்க.

மாரியாத்தா.

என்ன சொன்னீங்க? மேல சல்லடை இருக்குது, அது காத்து வர்றதுக்குன்னே வெச்ச ஓட்டை, அதனால பயப்பட வேண்டாமா. ஓட்டை இருக்கற ஊட்டுல ஒண்ணும் ஆவாதா. நல்ல வார்த்தை சொல்றீங்க தம்பி. ஒங்க கொலம் நல்லா இருக்கோணும்.

இல்லீங்க. அந்தப் படம் அவங்க குடி போனன்னைக்கு எடுத்ததுங்க. நாலு மாசமாச்சு.

நாங்க தறிக்காரங்க சாமி. ஆடி பொறந்தா எங்கூட்டுல நாஞ்செய்யற மொத வேலை, ஜன்னல் இடுக்கு, ஓட்டுச் சந்து, எலி போட்ட பொந்து எல்லாத்துலயும் பழைய துணியத் திணிக்கறதுதான். காத்து உள்ள பூந்தா பாவு நூலு காஞ்சு படபடன்னு அறுந்து போகும். எங்க மாமியா அப்புடித்தான், நானும் அப்புடித்தான். ஒரு ஓட்டையக் கண்டா எனக்குக் கை சும்மா இருக்காது. முப்பத்தஞ்சு வருசத்துப் பழக்கம்.

போன வாரம் பாப்பா காலப் பாத்தேன்னு சொன்னனில்லீங்க. அன்னைக்குப் போன அப்புடியே மேல காட்டுறி கண்ணுன்னேன். காட்டுனா. இவ்வளவு பெரிய ஓட்டைய வெச்சுக்கிட்டா அம்பதாயிரத்துக்கு எரிக்கறே, சூடெல்லாம் ஆகாசத்துக்குப் போவுதேன்னு வைதேன். அவ படிச்ச புள்ளைங்க, அது எதுக்கோ வெச்சிருப்பாங்கம்மான்னா. எதுக்கு வெச்சா என்ன, நாஞ்சொல்றதக் கேளுன்னேன். ஸ்டூலு போட்டு ஏறுனா. அவ சீமந்தத்துக்கு நான் எங்க தறியில நெய்ஞ்சு குடுத்த மஞ்சச் சேலை, அதத்தான் கையில எடுத்தா. நாலா மடி, ஓரத்துலயும் திணி, காத்து துளிகூட வரப்படாதுன்னு நாந்தான் பக்கத்துல நின்னு சொல்றாப்பல சொல்லிக் குடுத்தேன். நல்லா அடச்சா. மக்யா நாளு, ஊடு கதகதன்னு இருக்குதும்மா, கொஞ்சமா எரிச்சாலே போதும்னு எவ்வளவு சந்தோசமாப் பேசுனா தெரியுங்களா. அதுக்கு நான் சாமிக்குச் சூடம் ஏத்துனேன்.

அவருக்கும் தெரியாது, கதிருக்கும் தெரியாது, மாப்ளைக்கும் தெரியாது. தெரியாததுனால தூங்குவா தூங்குவான்னு சொல்றாங்க. 

இந்தாங்க, இந்தக் கடுதாசியப் புடிங்க. ஒங்களுக்கு இங்கிலீசு வருமில்ல? அந்த வெள்ளக்காரம்மாவுக்குப் போடுங்க. கதவத் தட்டிக்கிட்டு நிக்க வேண்டாம், ஒடைக்கச் சொல்லுங்க. கதவுக்காசு நான் குடுத்தர்றேன். கொழந்தைய மொதல்ல வெளிய தூக்கச் சொல்லுங்க. அப்பறம் செவுத்துல, மேல, மஞ்சச் சேலை ஒண்ணு இருக்கும், அத இழுக்கச் சொல்லுங்க. நல்லா இறுக்கி இருக்கும், பலமா இழுக்கோணும்.

அடிக்குதுங்களா? எனக்கும் கேக்கறாப்பல வெய்யுங்க சாமி.