பதினான்காவது குழியில் நாற்பது வினாடி

ஒரு முட்டை வேக எட்டு நிமிடம் ஆகும். அதை நான் குறை சொன்னதே இல்லை. முட்டைக்கு வேறு வழி கிடையாது. ஆனால் தரையில் சும்மா கிடக்கிற பந்தை அடிக்க ஒரு மனிதருக்கு நாற்பது வினாடிக்கு மேல் எதற்கு? விதியும் அதைத்தான் கேட்கிறது. பத்தொன்பது வருடமாகக் கோல்ஃப் போட்டிகளில் நேரம் பார்க்கும் நடுவர் நான்.

அந்த ஆட்டக்காரரை எங்களுக்குள் 'ஜோசியர்' என்போம். நாள் நட்சத்திரம் பார்க்காமல் அடிக்கமாட்டார். புல்லைக் கிள்ளிக் காற்றில் விடுவார். ஒரு மட்டையை எடுப்பார், வைப்பார், இன்னொன்றை எடுப்பார். பை சுமக்கும் மைத்துனனிடம் ஊர்க்கதை பேசுவார். பின்னால் நான்கு குழுக்கள் வெயிலில் காயும். போன போட்டியில் அவர் கணக்கில் ஓர் அடியைக் கூட்டி அபராதம் போட்டேன். போட்டி இயக்குநர் அதை ரத்து செய்து, என்னையே மன்னிப்புக் கேட்க வைத்தார். ஜோசியர் பெரிய மனதோடு என் தோளைத் தட்டினார். "பரவாயில்ல சார், உங்களுக்கும் பொழுது போகணும்ல."

சனிக்கிழமை, பதினான்காவது குழி. மின்னல் நெருங்குகிறது, அபாயச் சங்கை ஊதி எல்லோரையும் உள்ளே அனுப்பு என்று வயர்லெஸ்ஸில் தகவல் வந்தது. அந்தப் பக்கத்துச் சங்கு என் கையில் இருந்தது. நான் கொட்டகைக்குள் நின்றேன்; ஜோசியர் கூப்பிடு தூரத்தில் பந்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார். சங்கை விட்டுவிட்டு நிறுத்துக்கடிகாரத்தை அழுத்தினேன். நாற்பது வினாடிக்குள் அடித்தால் ஊதிவிடுவது என்று முடிவு. இதைவிட நியாயமாக யாருக்கு வாய்ப்புக் கொடுக்க முடியும்?

மைத்துனன் வானத்தைப் பார்த்தான். "மாமா, இருட்டிட்டு வருது. போயிடலாம்."

"இன்னும் சங்கு ஊதலயேடா. ஊதறதுக்கு முன்னாடி நாம போனா அந்தாளு அபராதம் போடுவாரு."

ஒருவழியாக விதியைக் கற்றுக்கொண்டிருந்தார்.

நாற்பது வினாடி போயிற்று. எண்பதும் போயிற்று. அவர் மட்டையை மாற்றினார். இரண்டு நிமிடம் ஐம்பத்தோரு வினாடியில் மின்னல் இறங்கியது. மைத்துனனும் கூடவே போய்விட்டான்; அவன்மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை.

மருத்துவமனை வாசலில் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். கணவனும் தம்பியும் உள்ளே கிடந்தார்கள். "சங்கு ஊதினீங்களா சார்?" என்று கேட்டார். ஊதினேன் என்றேன். அது பொய்யில்லை. இருவரும் விழுந்த பிறகு ஊதினேன்.

நீங்கள் அதைக் கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள். பத்தொன்பது வருடத்தில் என் வேலையை நான் தாமதித்தது அந்த ஒருமுறைதான், ஐயா. அதுவும் அவரால்.