தப்ரேஸ் தொட்ட ஹோல்டர்

மத்தியானம் பன்னிரண்டு. மும்பைப் பக்கம் வாஷியில் லாரி குடோன்களுக்குப் பின்னால் போகிற ரோடு... ஞாயிற்றுக்கிழமை, ஒரு நாய்கூட இல்லை. பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று யார் சொன்னது? கரண்டு வரும்வரை கேளுங்கள். இதோ உட்கார்ந்திருக்கிற சிராஜின் மாமா சலாவுதீனுக்கு நடந்தது. தாராவியில் வயரிங் வேலை பார்க்கிறவர். ரோட்டுக் கடைசியில் ஒரு கல்யாண ஹால். உள்ளே நுழையும்போதே அவருக்கு ஆத்திரம்.

மூன்று மாதத்துக்கு முன்னால் அவர் கூட்டாளி தப்ரேஸ் அங்கேதான் செத்தான். பல்பு ஹோல்டரைத் தொட்டு. காண்ட்ராக்டர் சுயம்பு எல்லாரிடமும் சொன்னது ஒன்றுதான்: "சுவிட்சை அணைக்காம ஏறிட்டான், அவசரக்குடுக்கை." தப்ரேஸின் மனைவி மதீனா பீவியின் முகத்துக்கு நேராகவும் அதையே சொன்னான். அவள் நம்பவில்லை. சலாவுதீனிடம், "அவுக அணைச்சாகளா இல்லையா, அதை மட்டும் பாத்துச் சொல்லுங்கண்ணே" என்றாள்.

அன்றைக்கு வேலை ஸ்பீக்கரில். இரண்டு இருந்தும் டும் டும் சத்தம் எழும்பவில்லை.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒரு பென்சில் செல்லை ஸ்பீக்கரின் இரண்டு வயரிலும் ஒரு நொடி வைத்தால்... டப். நடுக் காகிதம் முன்னால் தள்ளினால், செல்லின் பிளஸ் தொட்ட வயர்தான் பிளஸ். உள்ளே இழுத்தால் மைனஸ். ஒன்று தள்ளும்போது இன்னொன்று இழுத்தால், ஒன்றின் சத்தத்தை மற்றது தின்றுவிடும்.

வலப்பக்கத்து ஸ்பீக்கர் இழுத்தது. வயரை மாற்றினார், இப்போது தள்ள வேண்டும். இழுத்தது. மறுபடி மாற்றினார்... இழுத்தது.

செல்லைப் பையில் போட்டார்.

டப்.

வயரில் ஒன்றுமே இல்லை. காகிதம் உள்ளே போய், வெளியே வந்து, உள்ளே போய்... மூச்சு மாதிரி. கூடவே தீய்ந்த மயிர் நாற்றம், மேலேயிருந்து.

நிமிர்ந்தார். தலைக்கு நேரே அந்த ஹோல்டர். சுவிட்சை அணைத்தார். ஏணியில் ஏறி டெஸ்டரை வைத்தார்.

டெஸ்டர் விளக்கு எரிந்தது.

வீட்டுக் கரண்டிலும் பிளஸ், மைனஸ் என்போம். உண்மையில் அது ஃபேஸ், நியூட்ரல். சுவிட்ச் ஃபேஸைத்தான் வெட்ட வேண்டும். இங்கே நியூட்ரலை வெட்டியிருந்தது. பல்பு அணையும்; ஹோல்டரில் கரண்டு அப்படியே நிற்கும். அந்த வயரிங் சுயம்பு தன் கையால் செய்தது.

போன் போட்டுக் கேட்டார். சுயம்பு சிரித்தான். "வயரை மாத்தி வச்சிட்டுப் பேசாம வாரும் பாய். செத்தவனுக்கு இனி எது பிளஸ்ஸா இருந்தா என்ன?"

சலாவுதீன் போனைத் துண்டித்தார். மதீனா பீவியைப் போனில் கூப்பிட்டார்.

"தப்ரேஸ் மேல தப்பில்லம்மா. அணைச்சிட்டுத்தான்..."

"தெரியும்ணே." குரல் அமைதியாக இருந்தது. "இப்பத்தான் வந்து சொல்லிட்டுப் போறாக. உக்காரச் சொன்னேன், உக்காரல. அவ்வளவு கோவம்."

சலாவுதீன் நிமிர்ந்து ஹோல்டரைப் பார்த்தார்.

"சுயம்பு செம்பூருக்குக் குடிபோனது அவுகளுக்குத் தெரியலண்ணே... வீட்டு நம்பர் கேட்டாக. சொல்லிட்டேன்."