நல்லுறவுக் கபடி

மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் பேருந்து. எனக்கு முன் சீட்டில் வாட்டசாட்டமான ஒருவர், முழங்கையில் பெரிய கட்டுடன் உட்கார்ந்திருந்தார். திருக்கழுக்குன்றத்தில் ஏறிய அவருடைய நண்பர் பக்கத்தில் உட்கார்ந்ததும் கேட்டார்:

“கைல இன்னா மச்சான்?”

“போலீசு அமுக்கிடுச்சு. ஆனா கப்பு எங்களுக்குதான்.”

அதற்கு மேல் எனக்கு எங்கே தூக்கம் வரும்?

“இன்னா கப்பு?”

“போலீசுக்கும் பொதுமக்களுக்கும் நல்லுறவு வளரணும்னு எங்க குப்பத்துல கபடி வெச்சாங்க. மொதல்ல எஸ்.ஐ. பாடிகினே வந்தாரு. நாங்க ஏழு பேரும் மூலைல ஒண்டிக்கினோம்.”

“புடிக்கலியா?”

“எஸ்.ஐ. மேல எவன்டா கை வெப்பான்? அவரே பேஜாராயி, ‘பயப்படாம புடிங்கடா’ன்னு கத்தினாரு. பாட்ட வுட்டுட்டாருன்னு அம்பயரு அவுட்டு குட்த்துட்டாரு. அப்டியே ஒவ்வொருத்தரா அவுட்டு.”

“அப்ப கை?”

“நடுவுல நான் பாடிகினு போனேன்ல, மிச்சமிருந்த போலீசு எல்லாம் ஒண்ணா மேல வுழுந்து கைய பின்னால முறுக்கிட்டாங்க. பழக்கதோஷம்.”

“கப்ப எங்க வெச்சிகீற?”

“ஸ்டேஷன்லதான் கீது. ‘பேரு பொறிச்சு வெச்சிருக்கேன், நம்ம வூடு மாதிரி நெனச்சி வந்து வாங்கிக்கங்க’ன்னு எஸ்.ஐ. தெனம் போன் பண்றாரு. நல்ல மனுசன், பாவம்.”

“போய் வாங்கிக்க வேண்டியதுதானே?”

“அதுக்குதான் செங்கல்பட்டு போறேன். கோர்ட்டாண்ட தெரிஞ்ச வக்கீலு ஒருத்தரு கீறாரு. அவர இட்டுகினு போய் வாங்கிடலாம்னு.”