காகிதப்பைக்குள் ஒரு கறுப்பு பியர்

கறுப்பு பியரை ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் குடிப்பதுதான் பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு. குளிரில் நாக்கு மரத்துப்போய்விடும். கசப்பு ஒன்றுதான் தெரியும். புட்டியை மேசைமேல் வைத்துவிட்டுப் பொறுத்திருக்க வேண்டும். நீங்கள் குடிப்பதில்லை என்று சொன்னீர்கள், மேடம். பரவாயில்லை, நடந்ததைப் புரிந்துகொள்ள அது தடையில்லை. நான் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் துணைத் தலைமையாசிரியராக இருந்தவன். எதையும் முதலிலிருந்து சொல்லித்தான் பழக்கம்.

எங்கள் சுவைக் குழுவில் மூன்று பேர். நான், மெர்ல் டானிஸ், ஜூடித் பிளாஸ்மன். மெர்ல் பல் சீரமைக்கும் மருத்துவன். இந்த ஏரிக்கரையில் பாதிப் பிள்ளைகளின் பல்லில் கம்பி கட்டியவன். ஜூடித் வீடு விற்றுக் கொடுப்பவள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து, என் வீட்டு நிலவறையில் கூடுவோம். நான்தான் தலைவர். விதிகளை எழுதியதும் நான்தான். புட்டிகளைக் காகிதப் பைக்குள் மூடிவைத்து ஊற்ற வேண்டும். எந்தக் காய்ச்சுமனை, என்னென்ன சேர்த்தது, எத்தனை மாதம் பீப்பாயில் கிடந்தது என்று எவரும் மதிப்பெண் போடும்வரை கேட்கக் கூடாது. பெயரைப் பார்த்தால் நாக்கு பொய் சொல்லும். இதில் தவறு இருப்பதாக நீங்களும் சொல்லமாட்டீர்கள்.

மெர்லுக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. அவனுக்குக் கொட்டைப் பருப்புகள் ஆகாது. பாதாம், வால்நட், ஹேசல்நட் எதுவும். பள்ளிக்கூட நாளில் யாரோ கொடுத்த ஒரே ஒரு பிஸ்கட்டைத் தின்றுவிட்டு ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தானாம். அவனே சொல்லியிருக்கிறான், சிரித்துக்கொண்டே. அதனால் புட்டிகளில் ஒட்டியிருக்கும் சீட்டை நான் முன்கூட்டியே படித்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. ஒவ்வொரு முறையும் உட்காரும்போதே கேட்பான்.

"வாத்தியாரே, பாத்தாச்சா? என்னை மேல அனுப்பிடாதே."

"பாத்தாச்சு."

அவ்வளவுதான். பன்னிரண்டு வருடம் இப்படியே போயிற்று. அவன் என்னை நம்பினான். அதை நான் ஒரு நாளும் மறுத்ததில்லை.

அவனுடைய நாக்கைப் பற்றி ஊரில் பெரிதாகப் பேசுகிறார்கள். உண்மை என்னவென்றால் அவனுக்கு இந்தக் கலையில் மரியாதையே கிடையாது. உருளைக்கிழங்கு வறுவலைக் கொறித்துக்கொண்டே குடிப்பான். நான் ஒரு பியரைப் பற்றி அரைப்பக்கம் எழுதுவேன். அவன் "சாக்லேட் கேக்கை யாரோ விஸ்கில போட்டுட்டான்" என்பான். காகிதப் பையை எடுத்துவிட்டுப் பார்த்தால் அவன் சொன்னதுதான் சீட்டில் இருக்கும். அது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தைத் திறமை என்று நினைப்பவர்களைப் பள்ளிக்கூடத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

போன இலையுதிர்காலத்தில் நடந்ததை உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். எல்லோரும் எல்லோரிடமும் சொல்கிறார்கள். ஏரிக்கரையில் பழைய மீன் கொட்டகை ஒன்றில் ஓர் அண்ணனும் தங்கையும் பியர் காய்ச்சுகிறார்கள். நல்ல பிள்ளைகள். தங்கள் புதுச் சரக்கைச் சுவைக்க ஐம்பது பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். நம் வட்டார வாரப் பத்திரிகையில் பியரைப் பற்றி வாராவாரம் ஒரு பத்தி எழுதுபவன் என்பதால் என்னைப் பேசச் சொன்னார்கள். என் முன்னால் இருந்த கோப்பையை வெளிச்சத்தில் பிடித்தேன், முகர்ந்தேன், ஒரு மிடறு எடுத்தேன். உலர்ந்த அத்திப்பழம், பைப் புகையிலை, மழையில் நனைந்த தேவாலயத்து மரப் பெஞ்சு என்றெல்லாம் சொன்னேன். நன்றாகவே பேசினேன். பீப்பாயின் கரி பின்னணியில் நிற்கிறது என்றும் சொன்னேன்.

மெர்ல் எழுந்து வந்து என் கோப்பையை வாங்கி நாக்கை நனைத்தான்.

"வாத்தியாரே, இது ஆறிப்போன காப்பி."

அந்தத் தங்கை ஓடிவந்தாள். "மன்னிச்சுக்கோங்க சார், அது என்னோடது. தெரியாம இங்க வெச்சுட்டேன்."

நான் கோபப்படவில்லை. நானும் சிரித்தேன், ஜூடித்தைக் கேட்டுப்பாருங்கள். மறு வாரம் ஆணி வாங்கப் போன கடையில், என் பள்ளிக்கூடத்தில் படித்த பையன் ஒருத்தன், இப்போது இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், "சார், ஒரு காப்பி சாப்பிடறீங்களா? அத்திப்பழம் போட்டது" என்றான். தேவாலயத்து விருந்தில் போதகரே காப்பிக் கெண்டியை என் பக்கம் நகர்த்திவைத்துப் புன்னகை செய்தார். பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டு, "கொஞ்ச நாள் பத்தியை நிறுத்தி வெச்சுக்கலாம் லீலண்ட், ஆளுங்க மறக்கட்டும்" என்றார். மெர்ல் மறக்க விடவில்லை. பல் காட்ட வருகிறவர்களிடமெல்லாம், அவர்கள் வாயைத் திறந்துவைத்துக்கொண்டு பதில் பேச முடியாமல் கிடக்கும்போது, இந்தக் கதையைச் சொன்னானாம். நல்ல கதைதான். அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் ஒரு முறையோடு நிறுத்தியிருப்பேன்.

நவம்பரில் ஒரு புது விதி கொண்டுவந்தேன். கோட்டு, கம்பளிச் சால்வை எதுவும் நிலவறைக்கு வரக்கூடாது. ஈரக் கம்பளியின் வாடை சுவையைக் கெடுக்கும். எல்லோரும் மேலே சமையலறைக் கொக்கியில் மாட்டிவிட்டு வரவேண்டும். ஜூடித் உடனே சரி என்றாள். மெர்ல் முணுமுணுத்தான். அவன் கோட்டுப் பையில்தான் கொட்டைப் பருப்பு தவறி உள்ளே போனால் உயிர் காக்கும் மருந்து ஊசி இருக்கும், பேனா மாதிரி, தொடையில் குத்திக்கொள்வது. அதைக் கையோடு கீழே கொண்டுவர அவன் நினைக்கவில்லை. அப்படி ஒரு விதி இல்லையே.

பிறகு "பிஷப்பின் போர்வை" வந்தது. அதே அண்ணன் தங்கை காய்ச்சியது. போர்பன் விஸ்கி இருந்த ஓக் பீப்பாயில் பதினெட்டு மாதம் கிடந்த இம்பீரியல் ஸ்டவுட், கறுப்பு பியரிலேயே மிகக் கனத்த வகை. ஊற்றினால் கார் எஞ்சின் எண்ணெய் மாதிரி இறங்கும். நுரை வெல்லப்பாகு நிறம். விற்பனைக்கு வந்த காலையில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. மடக்கு நாற்காலியும் போர்வையுமாக வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஆளுக்கு ஒரு புட்டிதான். எனக்கு வயது அறுபத்து மூன்று, மேடம். ஒருவனுக்குக் கெடுதல் நினைக்கிறவன் அவனுக்காக அந்தக் குளிரில் கால் விறைக்க உட்கார்ந்திருப்பானா?

புட்டியின் பின்பக்கச் சீட்டில் எழுத்து மிகப் பொடி. வாற்கோதுமை, ஓட்ஸ், கொக்கோ, வறுத்த ஹேசல்நட். படித்தேன். ஏற்பாட்டின்படி நான் படிக்க வேண்டும், படித்தேன். சந்தேகத்துக்குக் கொட்டகைக்கும் போன் செய்தேன். அண்ணன்தான் எடுத்தான்.

"இந்த ஹேசல்நட் குடிக்கிறப்ப தெரியுமா தம்பி?"

"லேசா, கடைசில நிக்கும் சார். நல்ல நாக்கு இருக்கறவங்களுக்குத்தான் பிடிபடும். ஏன் சார், யாருக்காவது ஒத்துக்காதா? அப்ப கொடுத்துடாதீங்க."

"இல்லை, இல்லை. பத்திக்காகக் கேட்டேன்" என்றேன். பத்தி நின்றுபோனது அவனுக்குத் தெரியாது போலிருக்கிறது. மரியாதையாகப் பேசினான்.

நான் யோசித்தது இதுதான். மெர்ல் வளர்ந்த பிறகு ஹேசல்நட்டை வாயில் வைத்ததே இல்லை. அந்தச் சுவையின் பெயர் அவனுக்குத் தெரியாது. ஆக ஒரு தடவையாவது அவனும் மற்றவர்களைப்போல இருட்டில் தடவ வேண்டும். சமமான பரீட்சை. வகுப்பில் கெட்டிக்காரப் பையனுக்கும் சில சமயம் அப்படிக் கொடுப்பதுண்டு. அது அவனுடைய நன்மைக்குத்தான்.

பிப்ரவரி ஞாயிறு. மதியம். கோட்டுகள் மேலே தொங்கின. மூன்று கோப்பைகளில் ஊற்றினேன். புட்டி காகிதப் பைக்குள் இருந்தது.

"வாத்தியாரே, பாத்தாச்சா?"

"பாத்தாச்சு."

நான் பொய் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜூடித் முதலில் குடித்தாள். "அம்மாடி, கனமா இருக்கே. உலர்ந்த செர்ரி?" என்றாள். மெர்ல் ஒரு பெரிய மிடறு எடுத்து வாய்க்குள் சுழற்றி விழுங்கினான். ஒரு கை வறுவல் எடுத்தான். "பிஷப்பு குளிக்கல போலிருக்கே" என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தான், ஜூடித் சிரித்தாள். அவனுக்குப் பெயர் எப்படித் தெரிந்தது என்று நான் திகைத்தேன். வெளியில் விளம்பரப் பலகையில் பார்த்திருந்து ஊகித்திருப்பான். இன்னொரு மிடறு. அப்புறம் அவன் முகம் மாறியது. கோப்பையைக் கீழே வைத்தான்.

"லீலண்ட்." என்னை அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அபூர்வம். "இதுல ஹேசல்நட் இருக்கு."

மேடம், அந்த நேரத்தில் என் மனதில் ஓடியதை ஒளிக்காமல் சொல்கிறேன். ஜூடித்துக்கு அது ஒரு நோயாளியின் அலறலாகக் கேட்டிருக்கும். எனக்கு அது விடையாகக் கேட்டது. சரியான விடை. நாற்பது வருடம் தொடாத ஒன்றை இரண்டே மிடறில் பெயர் சொல்லிவிட்டான். உதடு அரித்ததால் சொன்னானா, நாக்கு சொன்னதா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. உதடு என்றால் அதற்கு மதிப்பெண் கிடையாது.

அவன் கழுத்தைப் பிடித்துக்கொண்டான். "கோட்டு... கோட்டு" என்றான். குரல் விசில் மாதிரி வந்தது. ஜூடித் எழுந்தாள். "நான் எடுத்துட்டு வரேன், நீ ஆம்புலன்ஸைக் கூப்பிடு" என்றேன். பொறுப்பாகத்தான் சொன்னேன். அவள் போனை எடுத்தாள். நான் படியேறினேன்.

முதல் விசாரணையில், ஊசி கிடைக்கவில்லை, எல்லாப் பைகளிலும் தேடினேன் என்று சொல்லியிருந்தேன். அதைத் திருத்த வேண்டும். ஊசி இடது பையில் இருந்தது, கை விட்டவுடன் கிடைத்தது. இடது கையில் அதைப் பிடித்திருந்தேன். வலது கையில் என் கோப்பை இருந்தது. படியேறும்போது அதைக் கீழே வைக்க மறந்திருக்க வேண்டும். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

சமையலறை ஜன்னல் வெளிச்சம் நன்றாக இருந்தது. பனி விட்டிருந்தது. பியரும் அப்போதுதான் சரியான சூட்டுக்கு வந்திருந்தது. ஒரு மிடறு எடுத்தேன். சாக்லேட் இருந்தது, விஸ்கி இருந்தது, மரம் இருந்தது. ஹேசல்நட் இல்லை. கீழே ஜூடித் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. நல்ல குரல் அவளுக்கு. மூக்கைப் பொத்தித் திறந்து இன்னொரு மிடறு. வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். அது இருக்கிறது என்று எனக்குத் தெரியும், சீட்டில் படித்திருக்கிறேன், காய்ச்சியவனே சொல்லியிருக்கிறான். பல் மருத்துவன் ஒருவன் வறுவலோடு சேர்த்துக் கண்டுபிடித்துவிட்டான். எனக்கு அகப்படவில்லை. கீழே நாற்காலி விழுந்த சத்தம் கேட்டது, அதற்குப் பிறகு ஜூடித் கூப்பிடவில்லை, அழுதாள்.

கோப்பை காலியாகும்வரை நின்றேன். ஊசி கையில்தான் இருந்தது, மேடம். அந்தச் சுவை மட்டும் பிடிபட்டிருந்தால் உடனே இறங்கிப் போயிருப்பேன்.