கட்டுப் போட்டவன்

மாகறலிலிருந்து காஞ்சிபுரம் திரும்பும் பேருந்தில் என் முன்சீட்டில் இருவர். ஒருவர் கபடி டீம் கேப்டன், மற்றவர் அதே டீமில், பாடி வரும் எதிரணி ரைடரை மடக்கிப் பிடிக்கும் நெசவாளி என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"நம்ம ரைடர் மாகறல் டீமுக்குப் போனா, என் முட்டியும் அவங்கூடவே போயிடும்பா," என்றார் நெசவாளி.

"போனா போறான். திருப்புட்குழியில ஒருத்தன் எந்த டீம்லயும் சேராம இருக்கறான், அவனை இட்டாந்துடலாம். இல்லன்னா இவனைக் குடுத்துட்டு அவங்க ரைடரை வாங்கிக்கலாம்."

"ஆளு கெடைப்பாம்பா. என் முட்டி வீங்கிக்கினு இருக்கறது நம்ம ரைடருக்கு மட்டுந்தான் தெரியும். ஆட்டத்துக்கு முன்னாடி கட்டுப் போட்டுவுடறதே அவந்தான். எதிர்ல வந்தா அங்கயே உதைப்பான்."

"கூட ஆடினவன் அப்படிச் செய்வானா?"

"செஞ்சுட்டான்னா? கால் போச்சுன்னா தறியை யார் மிதிக்கறது?"

கேப்டன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினார்.

"நீ டீ குடிக்கப் போனியே, அப்ப மாகறல்காரங்க உன்னையும் விசாரிச்சாங்க. முட்டி எப்படி இருக்குதுன்னாங்க."

"எந்தக் காலுன்னு கேட்டாங்களா?"

"கேக்கல. இடது காலுன்னு அவங்களே சொன்னாங்க."